மடையான் வேட்டைக்குப் போன சாச்சா

வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்கள் எங்கள் ஊருக்கு டேப் ரிக்கார்டர் கொண்டு வந்தார்கள், சென்ட் பாட்டில், கம்பளி, பால் பவுடர், கோடாலித் தைலம் கொண்டு வந்தார்கள். என் சாச்சா ஒரு டென்ட் கொண்டு வந்தார். சாச்சா என்றால் அத்தாவின், அதாவது அப்பாவின், தம்பி. பெட்டியைப் பிரித்த அன்று பச்சை நிறத்தில் எட்டிப் பார்த்ததைப் புடவைத் துணி என்று நினைத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் நெருங்கி வந்தார்கள். உள்ளேயிருந்து கம்பியும் கயிறும் இரும்பு முளைகளும் விழுந்ததும், அடுப்பில் வேலை கிடக்கிறது என்று கலைந்து போனார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. அந்த டென்ட்டைப் பார்த்துப் பரவசப்பட்டவள் நான் ஒருத்திதான். சவூதியில் பனிக்காலம் வந்தால் பாலைவனத்தில் தங்கி வேட்டையாடுவதைப் பற்றிச் சாச்சா கதை கதையாகச் சொல்வார். காற்றில் அணையாமல் நெருப்பு மூட்டுவது எப்படி, மணலில் தடம் பார்ப்பது எப்படி, ராஜாளியைக் கையில் உட்கார வைத்துக்கொண்டு போய்ப் பறவையைப் பிடிப்பது எப்படி என்றெல்லாம் சொல்வார். "நாங்க போவோம், நாங்க புடிப்போம்" என்பார். கேட்கக் கேட்க, சவூதியே சாச்சாவை நம்பித்தான் வேட்டையாடுகிறது என்று எனக்குத் தோன்றும்.

பெரியவர்களுக்கு அப்போது வேறு கவலை. சாச்சாவுக்குக் கல்யாணம் முடித்துத்தான் திருப்பி அனுப்புவது என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். லீவோ கரைந்துகொண்டிருந்தது. இதைத் தவறவிட்டால் அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்துத்தான். சாச்சா அங்கே ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் என்று அத்தா எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். எஸ்.டி.டி. பூத் வந்துவிட்ட காலம் அது. ஒரு போன் போட்டால் யார் எங்கே என்ன வேலை பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிடும். முதலில் வந்த சம்பந்தம், கம்பெனியின் பெயரைக் கேட்டு, பதில் சரியாக வராததால் அப்படியே நின்று போனது. அதற்குப் பிறகு சாச்சா சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாவது சம்பந்தம் கடற்கரைப் பக்கத்து ஊரிலிருந்து வந்தது. பெண்ணை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையோடு பழகிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பெண்ணின் அண்ணன் கிளம்பி வந்தார்.

அவர் பெரிய தாடியும் குறைவான பேச்சுமாக இருந்தார். கையில் ஒரு ஏர்கன் வைத்திருந்தார். சாச்சாவின் வேட்டைக் கதைகள் அவர் ஊர்வரை போயிருக்கின்றன என்று அதைப் பார்த்ததும் தெரிந்தது. "தம்பி பெரிய வேட்டைக்காரர்னு சொன்னாங்க. வாங்களேன், ஒரு நாள் போயிட்டு வருவோம்" என்றார். சாச்சாவின் முகம் போன போக்கை அன்று நான் கவனித்ததாக நினைவில்லை. நானும் வருவேன் என்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுவதிலேயே மும்முரமாக இருந்தேன். அழுகை பலித்தது.

நெல் விளையும் சீமையில் காட்டுக்கு எங்கே போவது? நீடாமங்கலத்துக்குத் தெற்கே கோரையாற்றுப் படுகைதான் எங்களுக்குக் கிடைத்த காடு. சம்பா அறுத்து முடிந்த மாசி மாதம். மேட்டூர் அணையைச் சாத்திவிட்டதால் ஆற்றில் அங்கங்கே குட்டையாகத்தான் தண்ணீர் நின்றது. நாணலும் மூங்கிலும் இருந்தன, நரி இருப்பதாகப் பேச்சும் இருந்தது. ஆனால் எங்கள் பள்ளிவாசலின் பாங்கு சத்தம் தெளிவாகக் கேட்டது. கரைமேல் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று டென்ட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்ன பாய், பைபாஸ் ரோட்டுக்கு அளக்குறாங்களா? எங்க கொல்ல பக்கம் வருதா?" என்று கேட்டார். வேட்டை என்று சொன்னோம். அவர் நம்பாமலேயே போனார்.

டென்ட் போடுவதில் சாச்சாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. காற்று வரும் பக்கம் பார்த்து, வாசலை எதிர்ப்புறம் வைத்து, முளைகளைச் சாய்வாக அடித்தார். நான் ஒரு கம்பியைப் பிரித்து முடிப்பதற்குள் டென்ட் எழுந்து நின்றது. குழி தோண்டி அடுப்பு வைத்தார், சுள்ளி பொறுக்கினார், தண்ணீர் தெளிய வைத்தார். பெண்ணின் அண்ணன் உதவ வந்தபோதெல்லாம், "நீங்க உக்காருங்க" என்று தடுத்துவிட்டார். மாப்பிள்ளை முறுக்கு என்று ஒன்று சொல்வார்களே, அது சாச்சாவிடம் மருந்துக்கும் இல்லை.

பிறகு துப்பாக்கி சாச்சாவின் கைக்குப் போனது. குட்டையோரம் மடையான் கொக்குகள் தவம் செய்துகொண்டிருந்தன. சாச்சா குறி பார்த்துச் சுட்டார். மடையான் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் சுருக்கிக்கொண்டது. மறுபடி சுட்டார், சேறு தெறித்தது. அடுத்த குண்டு மூங்கிலில் பட்டது. எனக்கு மானம் போயிற்று. பெண் வீட்டுக்காரர் வேறு பார்க்கிறாரே என்று தலையைக் குனிந்துகொண்டேன். "காத்து இழுக்குது" என்றார் சாச்சா. அப்போது ஓர் இலைகூட அசையவில்லை.

பெண்ணின் அண்ணன் துப்பாக்கியை வாங்கிச் சுட்டார். மடையான் குட்டைக்கு அந்தப் பக்கம் சிறகடித்துக்கொண்டே விழுந்தது. விழுந்த பறவையின் உயிர் போவதற்குள் பிஸ்மில்லாச் சொல்லிக் கழுத்தை அறுத்துவிட வேண்டும். தானாகச் செத்துவிட்டால் எங்களுக்கு ஆகாது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் சாச்சா அன்று ஓடியதைப் போல யாரும் ஓடி நான் பார்த்ததில்லை. சத்தம் அடங்குவதற்குள் கைலியை மடித்துக்கொண்டு சேற்றில் பாய்ந்துவிட்டார். முழங்கால் வரை புதைந்தும் வேகம் குறையவில்லை. எந்தப் பையிலிருந்து கத்தி வந்தது என்றே தெரியவில்லை, குனிந்தார், அறுத்தார், இரத்தம் வடியத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். வந்ததும் பறவையை இரண்டு கையாலும் பெண்ணின் அண்ணனிடம் நீட்டிவிட்டு ஓரடி பின்னால் நின்றார். அவர் பறவையைப் பார்க்கவில்லை, சாச்சாவைத்தான் பார்த்தார். அடுத்தடுத்து விழுந்தவற்றுக்கும் இதே ஓட்டம்தான். அதையெல்லாம் இப்போது செய்தால் வனத்துறை பிடித்துக்கொண்டு போகும். அப்போதும் பிடித்திருக்க வேண்டும்தான்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டுச் சாச்சா சமைத்தார். மிளகும் உப்பும் தடவிக் கனலில் வாட்டிய அந்தக் கறியின் ருசிக்கு ஈடாக எதையும் நான் பிறகு தின்னவில்லை. எங்கள் இருவருக்கும் பரிமாறிவிட்டு, தான் உட்காராமல், அடுப்புக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெண்ணின் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே, கொஞ்சம் அதட்டலாக, "தண்ணி" என்றார்.

"ஹாளிர்" என்றார் சாச்சா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதரசாவில் ஹஜ்ரத் பேர் கூப்பிடும்போது, வந்திருக்கிறேன் என்பதற்கு நாங்கள் சொல்கிற அரபு வார்த்தை அது. தண்ணீர் கேட்டால் ஆஜர் சொல்கிறாரே என்று விழுந்து விழுந்து சிரித்தேன். மற்ற இருவரும் சிரிக்கவில்லை. சொம்பை எடுக்கப் போன சாச்சாவின் கை அந்தரத்திலேயே நின்றது.

பெண்ணின் அண்ணன் எழுந்தார். தானே சொம்பை எடுத்துக் குடித்தார். பிறகு ஒரு தட்டில் சோறு போட்டு, நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைத்து, "நானும் சவூதியில ட்ரைவரா இருந்து முதலாளி கூப்புட்டப்பல்லாம் இதையேதான் வருசக் கணக்கா சொன்னேன். உக்காந்து சாப்பிடுங்க மாப்ள" என்றார்.

சாச்சா உட்கார்ந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னார். "முதலாளி பனிக்காலம் பூரா வேட்டையிலதான் இருப்பாரு. டென்ட்டு போடுறது, சமைக்கிறது, ஓடிப் போயி அறுக்குறது எல்லாம் நான். துப்பாக்கி பக்கம் போனதில்ல. கம்பெனின்னு ஒண்ணும் கெடையாது. எங்க அண்ணன் சூப்பர்வைசர்னு சொன்னதை நான் மறுத்துச் சொல்லல. அது என் தப்புதான்."

சம்பளமும் கொடுத்து வேட்டைக்கும் கூட்டிக்கொண்டு போகிற முதலாளி எத்தனை பேருக்குக் கிடைப்பார், இதை ஏன் சாவுச் செய்தி மாதிரி சொல்கிறார் என்று நினைத்தபடியே தூங்கிப் போனேன். விடிந்து பார்த்தபோது டென்ட்டுக்குள் நான் மட்டும் இருந்தேன். இருவரும் வெளியே மணலில் படுத்திருந்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பியபோது பெண்ணின் தகப்பனார் வந்து அத்தாவோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சுற்றி வளைக்காமல் மகனிடம், "வேலையெல்லாம் விசாரிச்சியா?" என்றார். அத்தா தொண்டையைச் செருமினார். சாச்சா தூணோரம் நின்றார்.

"விசாரிச்சேன் அத்தா. சூப்பர்வைசர்தான். அங்க கேம்ப் முழுக்க இவர் பொறுப்புலதான் நடக்குது" என்றார் மகன். அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. "நேத்து விழுந்த மடையான் எல்லாம் இவர் அடிச்சதுதான். குறின்னா அப்படி ஒரு குறி."

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல, நீங்கதான அடிச்சீங்க? சாச்சாவுக்கு ஒண்ணுகூட படலையே" என்றேன். அத்தா என்னை முறைத்தார். பெரியவர் மகனைப் பார்த்தார். மகன் தாடியைத் தடவிக்கொண்டு, "புள்ள தூங்கிட்டா, அவளுக்குத் தெரியாது" என்றார். சாச்சாவோ முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

கூடத்தில் ஃபாத்திஹா ஓதி நாள் குறித்துக்கொண்டிருந்தார்கள். நான் சமையற்கட்டுக்கு ஓடிப் போய் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அந்த வீட்டுல பொண்ணு எடுக்காதீங்கம்மா" என்றேன். "அந்த ஆளு கூசாம பொய் சொல்றாரு."