விளக்குக்கு முன்னால் சப்பாத்து

என் வகுப்பில் ஜெர்மன்காரர்கள் ஆடத் தொடங்குமுன் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். எசன் நகரத்து மாலை மங்கலில், சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் பல் வைத்தியரும் வங்கி ஊழியரும் வரிசையாகக் குனிவதைப் பார்க்கும்போது, நான் எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே மறந்துபோகும். அதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. சின்ன வயதில் பரதம் பழகிய என் உடம்பு, மிதிக்கப்போகும் தரையிடம் மன்னிப்புக் கேட்காமல் காலைத் தூக்காது. அவர்கள் அதையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்மணி மட்டும், "தரை வழுக்குகிறதா என்று பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். விளக்கம் சொன்னால் நீளும் என்று பஞ்சிப்பட்டு, "யா" என்றேன். அன்றிலிருந்து அவர் தரையை நன்றாக அழுத்தித் தடவிப் பார்க்கிறார்.

நான் கற்பிப்பது டாப் நடனம். சப்பாத்தின் நுனியிலும் குதியிலும் உலோகத் தகடு இருக்கும். காலே தாளம் போடும். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் நான். பிறகு ஓர் அலுவலகத்தில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்த காலத்தில், பனி பெய்த ஒரு மாலை, ட்ராமுக்காகக் காத்து நின்றபோது மேல்மாடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. யாரோ மிருதங்கம் வாசிக்கிறார்கள் என்று நினைத்துப் படியேறினேன். இன்னும் இறங்கவில்லை. இசை நாடகங்களில் ஆடினேன், ஊர் ஊராகப் போனேன், இப்போது கற்பித்தும் பிழைக்கிறேன்.

அம்மா ஒருநாளும் பார்க்க வந்ததில்லை. "சப்பாத்துக் காலோட ஆடுறதும் ஒரு ஆட்டமோ?" என்பார். ஒவ்வொரு அரங்கிலும் அவருக்கென்று ஓர் இருக்கை எடுத்துவைப்பேன். வெறுமையாகக் கிடக்கும் அந்த இருக்கையைப் பார்த்தே ஆடுவேன். கைதட்டல் முடிந்த பிறகு அழுகை வரும்.

இந்த வருடம் எங்கள் தமிழ்ப் பள்ளி சரஸ்வதி பூசைக்கு என்னை ஆடக் கூப்பிட்டார்கள். "அங்கயெண்டா வாறன்," என்றார் அம்மா. அந்தக் கிழமை முழுக்க என் கால் நிலத்தில் படவில்லை. மாணவர்கள் பிழையாக ஆடினாலும் "ஷோன், ஷோன்" என்று பாராட்டிக்கொண்டு திரிந்தேன்.

மேடையில் கலைமகள் படம், பூ, குத்துவிளக்கு. முன்வரிசையில் பட்டுச்சேலையோடு அம்மா. நான் படியில் கால் வைத்ததும் விழாப் பொறுப்பாளர் ஓடிவந்தார்.

"தங்கச்சி, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ."

"அதைக் கழட்டினா ஆட்டமே இல்லை, அண்ணை."

"விளக்கு எரியுது, பிள்ளை. ஏலாது."

அவர் சொன்னதில் பிழையில்லை. எனக்கு இது தோன்றவே இல்லையே என்பதுதான் நெஞ்சில் குத்தியது. எத்தனை மேடை ஏறியவள், இந்த மேடையை மறந்துவிட்டேன். இன்றைக்கு ஆடாவிட்டால் அம்மா இனி எந்த அரங்குக்கும் வரப்போவதில்லை. அவரும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டார். வீட்டுக்குத்தான் என்று நினைத்தேன்.

"மேடையில ஏலாதெண்டா கீழ ஆடட்டும், தம்பி," என்றார் அம்மா. "அங்க சாத்திவைச்ச பலகையை எடுத்துப் போடுங்கோ."

போட்டார்கள். மேடைக்கும் முன்வரிசைக்கும் நடுவில் ஆடினேன். முதுகுக்குப் பின்னால் விளக்கு, முகத்துக்கு நேரே அம்மா. கொஞ்ச நேரத்தில் மண்டபம் கரைந்துபோனது. கண் தானாக மூடிக்கொண்டது, கனவில் ஓடுவதுபோல் கால் தன்பாட்டில் ஓடியது. இடையில் ஒருமுறை கண்ணைத் திறந்தேன். அம்மாவின் விரல்கள் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

முடிந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு மேடையேறி விளக்கைக் கும்பிட்டேன். திரும்பி வந்தபோது அம்மா என் சப்பாத்துகளை நாடாவில் பிடித்துத் தூக்கி வைத்திருந்தார். இடக்கையில் அவை, வலக்கையில் பிரசாதப் பொட்டலம். ட்ராமில் ஏறியும் இரண்டையும் விடவில்லை.

"ஒண்டையாவது தாங்கோ அம்மா, நான் பிடிக்கிறன்."

"வேண்டாம். நீ ரெண்டையும் ஒரே பைக்குள்ள போட்டிடுவாய்."

ட்ராம் வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து போனது. அம்மா இரண்டு கைகளையும் அகட்டிப் பிடித்தபடி, ஒன்றோடொன்று முட்டாமல், இரண்டையும் வீடுவரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்.