இருபத்தொன்றாவது கட்டம்

அருள்செல்வி அம்பத்தூர் தொழிற்பேட்டையில், இரும்புத் தகடு வெட்டும் சின்னக் கம்பெனி ஒன்றில் ஆறு வருடம் வேலை பார்த்தாள். தகட்டை ஓங்கி அடித்து வெட்டும் பவர் பிரஸ் எப்போது இறங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அதன் கன்ட்ரோல் பெட்டிக்குச் சொல்லும் ப்ரோக்ராமை எழுதியது அவள்தான். இரண்டு கைகளும் இரண்டு பொத்தான்களில் இருந்தால்தான் பிரஸ் இறங்கும். ஒரு கை உள்ளே இருந்தால் இறங்காது. அந்தச் சோதனையால்தான் பிரஸ் ஓட்டும் நாகப்பனுக்குப் பத்து விரலும் மிச்சம் இருந்தன. நாகப்பனோ, பிரஸ்ஸில் கட்டித் தொங்கவிட்ட எலுமிச்சம்பழம்தான் காப்பாற்றுகிறது என்று நம்பினார்.

1996இல் கம்பெனிக்குத் தரச் சான்றிதழ் மோகம் பிடித்தது. ஒவ்வொரு இயந்திரத்தின் ப்ரோக்ராமும், ஒரு வேலைக்கு ஒரு கட்டம் என்று, படமாக, ஒரே தாளில், அச்சில் இருக்க வேண்டும். கையால் வரைந்தது செல்லாது என்றார்கள். படம் வரையும் சாஃப்ட்வேரை வாங்க முதலாளி பாஸ்கரனுக்கு மனமில்லை. ஓசியில் எங்காவது கிடைக்கும், தேடு என்றார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், சர்ச்சில் பூசை முடிந்த கையோடு, அருள்செல்வி கரையான்சாவடியில் ஜேம்ஸின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள். பத்திரிகைகளோடு இலவசமாக வந்த சிடிக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்று திறக்கவில்லை. ஒன்று வரைந்தது, அச்சடிக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒன்று அகப்பட்டது. சாய்சதுரம், அம்புக்குறி எல்லாம் அழகாக விழுந்தன. இருபது கட்டம் வந்ததும் திரை மறுத்துவிட்டது.

“ஓசின்னா இப்டித்தான் சிஸ்டர்,” என்றான் ஜேம்ஸ். “இருபதுக்கு மேல ஒண்ணு வெக்கணும்னா துட்டு கட்டச் சொல்வான்.”

அவள் படத்தில் இருபத்தொரு கட்டங்கள். உற்பத்தியை எண்ணும் கட்டத்தை எடுத்துவிடலாமா என்று முதலாளியிடம் கேட்டாள். சான்றிதழ் தர வரும் ஆடிட்டர் முதலில் பார்ப்பதே அதைத்தான் என்றார் அவர். ரெண்டு கையும் வைக்க வேண்டும் என்பது எந்தக் குழந்தைக்கும் தெரியும், அதை எடு என்றார். ப்ரோக்ராமில்தான் இருக்கிறதே, படத்தில் இல்லாவிட்டால் என்ன என்று அவளும் நினைத்தாள். எடுத்தாள். ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டாள்.

சான்றிதழ் வந்தது. படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மனிதன் வரைந்த தாளை மனிதனே கும்பிட ஆரம்பித்தால், அதற்குப் பிறகு அதில் பிழை தேட யாருக்கும் தோன்றாது.

மறுவருடம் கன்ட்ரோல் பெட்டி எரிந்துபோனது. புதுப் பெட்டி விற்றவர்கள், அருள்செல்வி விடுப்பில் இருந்த நான்கு நாளில் புது ப்ரோக்ராமும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தே எழுதினார்கள். சான்றளிக்கப்பட்ட தாள் அதுதானே. சனிக்கிழமை காலை வேலைக்கு வந்தவள் அதை வரிவரியாகப் படித்தாள். கைகளைச் சோதிக்கும் வரி இல்லை. ஏதாவது ஒரு பொத்தானைத் தொட்டாலே பிரஸ் இறங்கிவிடும்.

பாஸ்கரனிடம் ஓடினாள். பிரஸ் முன்னால் தேங்காய், கற்பூரம் எல்லாம் தயாராக இருந்தன.

“பத்தரைக்கு நல்ல நேரம். இப்ப வந்து ஓட்டாதேன்றே.”

“ஒரு நாள் குடுங்க சார். சரி பண்ணிடறேன்.”

“ஆடிட்டர் ஒத்துக்கிட்ட படம்மா அது. கீழ யார் கையெழுத்து இருக்குது, பாரு.”

அவள் பிரஸ் அருகில் நின்ற நாகப்பனைத் தாண்டிப் போனாள். எலுமிச்சம்பழத்தைக் கயிற்றிலிருந்து அறுத்தாள். தகடு வைக்கும் இடத்தில் அதை வைத்துவிட்டு, ஒரே ஒரு விரலால் வலது பொத்தானைத் தொட்டாள்.

பிரஸ் இறங்கி ஏறியது. பழம் இருந்த இடத்தில் காகிதம்போல ஒரு மஞ்சள் தோல். சாறு நாகப்பனின் சட்டையில் தெறித்திருந்தது. அவர் அதைத் துடைக்காமல் தன் இடது கையைப் பார்த்தார்.

“அந்த எடத்துலதாம்மா தெனம் என் கை கீது,” என்றார் மெதுவாக.

அன்று நாகப்பன் பிரஸ்ஸைத் தொட மறுத்தார். மதியத்துக்குள் இரண்டு பேருக்கும் வேலை போனது.

திங்கட்கிழமை காலை, இருபத்தொரு கட்டங்களையும் கையால் வரைந்த தாளோடு அருள்செல்வி கேட்டுக்கு வெளியே நின்றாள். கூலிக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டரின் வேன் வேப்பம்பட்டிலிருந்து ஆறு பேரைக் கொண்டுவந்து இறக்கியது. ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ஐந்து பேர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். கடைசியாக வந்த துலுக்கானம் மட்டும் நின்று கேட்டார்.

“இன்னிக்கி நான் உள்ள போவலன்னா நாளைக்கி வேன்ல ஏத்த மாட்டான் தங்கச்சி. நீ சொல்றது நெசம்தான். ஜாக்கிரதையா இருந்துக்கிறேன்.”

எட்டு மணி நேரம் ஒரு மனிதன் எப்படி ஜாக்கிரதையாக இருப்பான்? அவருடைய கைகளை அவள் பார்த்தாள். அவரும் உள்ளே போனார்.

தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகம் திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி வேகமாக நடந்தாள். தெருமுனையைத் தாண்டுவதற்குள், பின்னால் பிரஸ் ஓடத் தொடங்கிவிட்டது.