பச்சை மக்

என் வீட்டுக் குளியலறையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் மக் இருக்கிறது. கைப்பிடி ஒருமுறை உடைந்து, சூடு காட்டிய கம்பியால் ஒட்டவைத்த தழும்பு இன்னும் தெரியும். அடிப்பக்கம் உப்புப் படிந்து வெள்ளை பூத்துக் கிடக்கிறது. வீட்டில் மற்றதெல்லாம் மாறிவிட்டது. குழாயைத் திருகினால் வெந்நீர் வருகிறது, கை கழுவும் தொட்டிக்கு மேல் மூன்று விதமான சோப்புத் தண்ணீர்ப் புட்டிகள் நிற்கின்றன. இந்த மக்கைத் தூக்கிப் போடச் சொல்லிச் சொல்லியே என் மகள் அலுத்துவிட்டாள். அது என்னுடையது இல்லை, உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பேன். பதினான்கு வருடமாகவா என்று கேட்பாள். ஆமாம், பதினான்கு வருடமாகத்தான்.

அது சமையலக்காவுடைய மக். கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் தலைமையாசிரியையாக இருந்தபோது அங்கே சத்துணவு சமைத்தவர் அவர். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். ஆனாலும் பிள்ளைகள் சமையலக்கா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு நான் எப்போதும் டீச்சர். அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறி, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் குடலைப் பிடித்துக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே எனக்குக் கிருமிப் பயம். நாமக்கல்லிலிருந்து கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைத்தான் தூக்கிக்கொண்டு போவேன். பள்ளிக்குப் பக்கத்திலேயே அவருடைய வீடு. ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது, துலக்கிய சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். தாகமாகத்தான் இருந்தது. வேண்டாங்க என்று சொல்லிவிட்டு என் பையிலிருந்த புட்டியைத் திறந்து அவர் எதிரிலேயே குடித்தேன். அவர் சொம்பை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, பலாப்பழம் பழுக்கும்போது சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். அப்போது எனக்கு அதில் தப்பாக ஒன்றும் படவில்லை. இப்போது அந்தச் சொம்பு தூக்கத்தில்கூட வருகிறது.

பள்ளிக்குப் பின்னால் ஒரு கழிப்பறை இருந்தது. கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்தினாலே பயம். காட்டு ஓரத்தில் வானத்தைப் பார்த்து உட்கார்ந்து பழகிய பிள்ளைகளை நாலு சுவருக்குள் அடைத்தால் பயப்படாமல் என்ன செய்யும்? அதற்குச் சமையலக்கா ஒரு வழி வைத்திருந்தார். அரிசியை உலையில் போட்டுவிட்டு வந்து, பச்சை மக்கில் தண்ணீரோடு கதவுக்கு வெளியே நின்று எதையாவது பேசிக்கொண்டே இருப்பார். இன்றைக்கு என்ன குழம்பு, யார் வீட்டு மாடு கன்று போட்டது, மிளகுக் கொடியில் எந்தக் குருவி கூடு கட்டியிருக்கிறது, இப்படி ஏதாவது. நடுநடுவே, "இருக்கேன் சாமி, இங்கதான் இருக்கேன்" என்பார். அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை பிள்ளை உள்ளே நிம்மதியாக இருக்கும். வெளியே வந்ததும் கை, கால் இரண்டையும் கழுவிவிட்டு வகுப்புக்கு அனுப்புவார். இந்த வேலையெல்லாம் அவருக்கு யாரும் கொடுத்ததில்லை. எனக்கோ அந்த ஓயாத பேச்சு காதில் விழுந்துகொண்டே இருப்பது எரிச்சலாக இருந்தது.

அந்த வருடம் பிள்ளைகளைச் சமவெளியில் ஒரு தீம் பார்க்குக்குக் கூட்டிப்போனோம். நான் ஒரு வாரம் தூங்கவில்லை. கிருமிநாசினி, காகிதக் கைத்துண்டு, வாந்திக்கு எலுமிச்சம்பழமும் உறையும், மாற்றுத் துணி என்று பட்டியல் போட்டு அடுக்கினேன். குடிக்க ஒரு பெரிய கேன் நிறையக் கொதித்து ஆறிய தண்ணீர். மலையிறங்கும்வரை யாரும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று உத்தரவு வேறு. சமையலக்கா பச்சை மக்கோடு வந்து பஸ்ஸில் ஏறினார். அங்கே குழாயும் ஷவருமாக இருக்கும், இதை எதற்கு எடுத்துவந்தீர்கள், பார்த்தால் சிரிக்க மாட்டார்களா என்று கேட்டேன். அதை ஒயர் கூடைக்குள் துணிக்கு அடியில் செருகிக்கொண்டார்.

பார்க்கில் கழிப்பறை வாசலுக்கு வந்ததும் எங்கள் பிள்ளைகள் செய்த காரியம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. பளபளவென்று ஓடு பதித்த தரையைப் பார்த்ததும், முப்பது பிள்ளைகளும் புதுச் செருப்பைக் கழற்றி வாசலில் வரிசையாக விட்டுவிட்டு, வெறுங்காலோடு அந்த ஈரத்துக்குள் போய்விட்டார்கள். களத்துமேட்டிலும் வீட்டு வாசலிலும் அப்படித்தானே அவர்களுக்குப் பழக்கம். ஊர்ப்பட்ட ஜனம் மிதித்த தண்ணீர் அது. நான் தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன். சமையலக்கா கூடையிலிருந்து மக்கை எடுத்தார். வாசல் குழாயடியில் குத்தவைத்து உட்கார்ந்து, வெளியே வந்த ஒவ்வொரு காலையும் சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையால் துடைத்து, செருப்பை மாட்டிவிட்டார். அறுபது கால்கள். கிருமியைப் பற்றி எனக்குத் தெரிந்த எதுவும் அவருக்குத் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டாம் முறை கூட்டிப்போனபோது, புளிச்சோற்றுப் பொட்டலங்களைப் பிரிக்கச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு நானே கதவருகில் நின்றேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, எதையும் தொடாமல், வாயைத் திறக்காமல் நின்றேன். ஒன்றாம் வகுப்புச் சின்னவள் ஒருத்தி உள்ளே போன சுருக்கில் வெளியே வந்தாள். போனாயா என்றேன். தலையாட்டினாள். கையில் இரண்டு சொட்டுக் கிருமிநாசினி விட்டு அனுப்பினேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு நீளமான சிமெண்ட் பெஞ்சு. பிள்ளைகள் எல்லோரும் அதில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருத்தியிடம் கை கழுவினாயா என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது தடாலென்று சத்தம் கேட்டது. திரும்பினால் கேன் பெஞ்சின் மேல் கவிழ்ந்து கிடக்கிறது, பக்கத்தில் சமையலக்கா நிற்கிறார். பத்துப் பதினைந்து பிள்ளைகள் தொப்பலாக நனைந்து கூச்சல் போட்டுக்கொண்டு குதிக்கிறார்கள். மலையிலிருந்து சுமந்து வந்த தண்ணீர் முழுக்கத் தரையில் ஓடியது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. பிள்ளைகள் எதிரில், முன்பின் தெரியாத ஆட்கள் எதிரில், வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். சோறு பொங்குவதைத் தவிர வேறு எதற்கும் லாயக்கில்லை என்றுகூடச் சொன்னேன்.

"கை தவறிப்போச்சுங்க டீச்சர்" என்றார். அவ்வளவுதான். பிறகு மக்கில் தண்ணீர் மொண்டுவந்து பெஞ்சைக் கழுவினார். நனைந்த பிள்ளைகளைக் கூட்டிப்போய் மாற்றுத் துணி உடுத்திவிட்டார். திரும்பும்போது நான் அவரோடு பேசவில்லை. கோபத்தில் சாமான்களை அள்ளிப் போட்டதில் அந்த மக் என் பையில் வந்துவிட்டது. நாளைக்குக் கொடுக்கலாம் என்று நாளைக் கடத்தினேன். அடுத்த வருடச் சுற்றுலாவுக்கு அவருக்குப் பதிலாக வேறு ஓர் அம்மாவைக் கூட்டிப்போனேன். விடியற்காலையில் பஸ்ஸடிக்கு வந்தார். ஈரம் துடைக்க, துவைத்து மடித்த பழந்துணிக் கட்டு ஒன்றை ஜன்னல் வழியாக என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார். பஸ் திரும்பும்வரை அங்கேயே நின்றார். பிறகு எனக்கு மாற்றல் வந்தது. அன்றைக்கும் வந்து ஒரு பொட்டலம் மிளகு கொடுத்தார். வாங்கிக்கொண்டு, வருகிறேன் என்றேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நாமக்கல் பஸ் நிலையத்தில் ஒரு பெண் ஓடிவந்து கையைப் பிடித்தாள். நர்ஸ் படிப்பில் சேர்ந்திருந்த அவள்தான் அந்தச் சின்னவள். தீம் பார்க் நினைவிருக்கிறதா டீச்சர் என்று அவளே ஆரம்பித்தாள்.

"உள்ள போனனுங்க. நீங்க வெளிய பேசவே இல்லீங்களா, ஆளு போயிட்டாங்கன்னு பயந்துட்டு ஓடியாந்துட்டேன். பொறகு பெஞ்சுல உக்காந்தப்ப அடக்க முடியலீங்க. பக்கத்துப் பையன் குனிஞ்சு பாக்கப் போனான். அப்பத்தான் சமையலக்கா கேனைத் தள்ளி உட்டாங்க."

அந்தச் சுற்றுலாவுக்கு முந்தின வருடம் வகுப்பில் ஒரு பையன் இப்படி நனைத்துக்கொண்டான். பிள்ளைகள் அவனுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஊர்வரைக்கும் போய், அவன் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டான். மூன்று முறை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. இவளுக்கும் ஒரு பெயர் விழுந்திருந்தால் இவளும் அன்றோடு நின்றிருப்பாள். அந்த ஒரு நொடியில் அதையெல்லாம் நினைத்துப் பார்த்தவர் சமையலக்கா. இவள் நனைத்துக்கொண்டதற்குக் காரணமே என் ஊமைத்தனம். ஏச்சு வாங்கியது மட்டும் அவர்.

மறுவாரமே மக்கைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு மலையேறினேன். பள்ளியில் வேறொரு பெண் சமைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் இறந்த பிறகு சமையலக்கா மகனோடு திருப்பூர்ப் பக்கம் போனதாகவும், எந்தத் தெரு, எந்த வேலை என்று யாருக்கும் தெரியாது என்றும் சொன்னாள். அவள் கொடுத்த நம்பர் உபயோகத்தில் இல்லை. வீடு பூட்டிக் கிடந்தது. வாசல் பலாவில் பழம் வெடித்து ஈ மொய்த்தது. அதற்குப் பிறகும் இரண்டு முறை போய் வந்துவிட்டேன். திருப்பூர் பஸ்ஸில் ஏறும் பெண்களின் முகத்தைப் பார்ப்பது இப்போது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது.

போன மாதம் பேத்தியை, அவளுடைய பள்ளித் தோழிகளின் குடும்பங்களோடு சேர்ந்து தீம் பார்க்குக்குக் கூட்டிப்போனோம். நான்கு வயது. மகளின் பையில் இருக்கையைத் துடைக்கும் ஈரத்தாள், விரிக்கும் காகிதம், கிருமிநாசினி எல்லாம் அடுக்கடுக்காக இருந்தன. கழிப்பறைக் கதவுக்கு வெளியே நான்தான் நின்றேன். முயலையும் நிலாவையும் பற்றி நான் பேசிய பேச்சில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் விளையாட்டு மும்முரத்தில் மதியம் அவள் பெஞ்சில் நனைத்துவிட்டாள். சுற்றிலும் அவளுடைய பள்ளித் தோழிகள். அவள் முகம் சுண்டியதைப் பார்த்தேன். கையிலிருந்த பெரிய தண்ணீர்ப் புட்டியை அப்படியே பெஞ்சில் கவிழ்த்தேன்.

எல்லோரும் எழுந்து குதித்தார்கள். என் மகள், பேத்தியின் தோழிகளுடைய அம்மாக்கள் எதிரிலேயே கத்தினாள். பார்த்து வைக்கக் கூடாதா, வயதானால் ஓர் இடத்தில் சும்மா உட்கார வேண்டியதுதானே என்றாள். கை தவறிவிட்டது என்றேன். சொல்வது எளிதாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பேத்தியின் காலைப் பச்சை மக்கில் தண்ணீர் மொண்டு கழுவிவிட்டேன். பிறகு மக்கைத் தேய்த்துக் கவிழ்த்தேன். சமையலக்கா இப்போதெல்லாம் பலாப்பழப் பருவத்தில் ஊருக்கு ஒருமுறை வந்து போவாராம், அந்தப் புதுச் சமையல்காரப் பெண் நேற்று போனில் சொன்னாள். இந்த முறை மக்கை மட்டும்தான் எடுத்துப் போகப் போகிறேன், தண்ணீர்ப் புட்டி வேண்டாம். அவர் வீட்டு வாசலில் போய் நின்று, முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும்.