முந்நூறா, ஐந்நூறா? உப்பளத்தில் ஒரு வாரம்

ஸ்டுடியோ தொழிலில் ஒரு பெரிய சௌகரியம், நாம் படம் எடுக்கும் ஆள் நம்மைப் பார்த்து ஓடமாட்டார். அந்தச் சௌகரியத்தை விட்டுவிட்டுப் பறவை எடுக்கக் கிளம்பிய என் இனத்தாரே, இது உங்களுக்காகத்தான்.

மரக்காணத்தில் என் ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ. கேமரா பிடிப்பது பெண் என்பதால், கூனிமேடு பக்கத்து முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் எடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். பதினைந்து வருடமாக "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. நான் எதுவும் சொல்லாமலேயே அழகாக நிற்கும் ஒன்றை எடுக்க வேண்டும் என்று ஆசை. மாசியில் உப்பளத்துத் தண்ணீரில் பூநாரைகள் வந்து நிற்கும், கோடை வெயில் ஏறினால் போய்விடும். 2006-இல் துணிந்துவிட்டேன்.

மாப்பிள்ளை ஓடமாட்டார்

புதுச்சேரியில் நான் வழக்கமாகப் போகும் கடையில் இரண்டு ஜூம் லென்ஸ்களை எடுத்து வைத்தார்கள். ஒன்று எழுபதிலிருந்து முந்நூறு எம்.எம். வரை, கைக்கு அடக்கம். இன்னொன்று நூற்றெழுபதிலிருந்து ஐந்நூறு வரை, சுரைக்காய் அளவு, கனம் ஒன்றரைக் கிலோ பக்கம். எனக்கு வீட்டில் ஒரு லென்ஸுக்குத்தான் சம்மதம். அடுத்த சனிக்கிழமைக்குள் ஒரே ஒரு தடவை மாற்றித் தருவதாகவும், அதற்குமேல் கிடையாது என்றும் கடைக்காரர் சொல்லிவிட்டார். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஆயுசுக்கும் அதோடுதான் குடித்தனம்.

நான் திருதிருவென்று முழிப்பதைப் பார்த்து அவர் சொன்னார்: "மேடம், கல்யாணத்துல மாப்பிள்ளை ஓடமாட்டாரு. பறவை ஓடும். பெருசையே எடுத்துட்டுப் போங்க."

கொதிக்கிற பறவை

ஞாயிறு பதினோரு மணிக்கு, சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு உப்பளத்துக்குப் போனேன். தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கூட்டம். ஐந்நூறு வரை இழுத்து அறுபது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் ஒன்றுகூட உருப்படியில்லை. பறவையின் கால் நெளிகிறது, கழுத்து கரைகிறது. லென்ஸில் கோளாறு என்று கடைக்காரரைத் திட்டித் தீர்த்தேன். உண்மையில் அது கானல். உச்சிவெயிலில் உப்புப் பாத்தியிலிருந்து எழும்பும் சூட்டைத்தான் அவ்வளவு பெரிய லென்ஸ் பெரிதாக்கிக் காட்டியது.

பஸ் கண்டக்டரான என் வீட்டுக்காரர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "எடுத்தது பறவையா, அடுப்புல கொதிக்கிற ரசமா?"

மூன்று கால் ஆபத்து

செவ்வாய்க்கிழமை காலையிலேயே போனேன். அந்தக் கனத்தைக் கையில் பிடித்தால் படம் ஆடுகிறது என்று, மூன்று கால் ஸ்டாண்டோடு போய் வரப்பில் நிறுத்தினேன். ஒரு கால் சேற்றில் இறங்கியது. அதை இழுத்தால் இன்னொன்று இறங்கியது. அதற்குள் அளத்து மேஸ்திரி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஈசிஆர் ரோட்டோரம் நிலமெல்லாம் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. ஸ்டாண்டும் குழாயுமாக யாராவது நின்றாலே சர்வே என்று பயம். பறவை எடுக்கிறேன் என்று சத்தியம் செய்தேன். இந்தக் கலாட்டாவில் பறவைகள் கிளம்பிவிட்டதால் காட்டுவதற்கு ஒரு சாட்சியும் இல்லை.

மேஸ்திரி வெற்றுத் தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிம்மா, பறவையவே அளந்துட்டுப் போ. அளத்த மட்டும் அளக்காத."

மூக்குத்தி மட்டும்

புதன்கிழமை கூனிமேட்டில் ஒரு நிக்காஹ். புது லென்ஸைக் காட்டிக்கொள்ளும் புத்தி யாரை விட்டது? மணப்பெண்ணை எடுக்க அதையே மாட்டினேன். பத்தடிக்குள் நின்றால் ஃபோகஸ் ஆகவில்லை. பத்தடி தள்ளி நின்றால் பெண்ணின் மூக்குத்தி மட்டும் விழுகிறது. பின்னால் நகர்ந்து, வாசல்படி தாண்டி, முற்றமும் தாண்டிவிட்டேன்.

பெண்ணின் அம்மா மெஹருன்னிசா அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "ஏம்மா, எங்க வூட்டுப் பொண்ண எடுக்குறியா, இல்ல அடுத்த வூட்டுக்குக் கெளம்பிட்டியா?"

பதுங்கினால் நாய்

வியாழக்கிழமை நான் வரப்போடு வரப்பாகப் பதுங்கி, தவழ்ந்து போனேன். புடவையெல்லாம் சேறு. இருநூறு அடி இருக்கும்போதே மொத்தக் கூட்டமும் பறந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. இன்னும் இரண்டு நாள்தான். ஆனால் வேடிக்கை பாருங்கள், பறந்தவை எங்கும் போய்விடவில்லை. உப்பு சுமக்கும் பெண்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்த பக்கம் போய் இறங்கின. கூடையோடு நடக்கும் பத்துப் பதினோரு பேரை அவை சட்டைகூடச் செய்யவில்லை.

அந்த வரிசையில் முதலாவதாக நடப்பவள் கன்னியம்மா, என் வயதுதான். இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "நாங்க தெனம் வர்றோம், போறோம். அதுக்குத் தெரியும். நீ இன்னாத்துக்குப் பதுங்குற? நாய்தான் அப்படி வரும்."

சனிக்கிழமைக்குள்

வெள்ளிக்கிழமை விடியும்போது அந்த வரிசையில் கடைசி ஆளாகத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நடந்தேன். பூநாரைகள் நூறடியில் நின்றன. ஒன்றுகூட நகரவில்லை. ஆனால் ஒன்றரைக் கிலோவைத் தூக்கி, குறைந்த வெளிச்சத்தில் ஆடாமல் பிடிக்க என் கைக்குத் தெம்பில்லை. ஸ்டாண்டை விரித்தால் அவை பறந்துவிடும். அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து, லென்ஸைத் துடைத்துக் கொடுத்துவிட்டுச் சின்னதை வாங்கினேன். கிட்டே போய்விட்டால் முந்நூறு தாராளம், கையிலேயே பிடிக்கலாம் என்றேன்.

கடைக்காரர் என் பாதத்தில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பைப் பார்த்தார். "இவ்ளோ கிட்ட போறதா இருந்தா, முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்?"

பதினோரு பேர்

திங்கட்கிழமை கிடைத்தது. தலையைத் தண்ணீரிலிருந்து எடுத்த ஒரு பூநாரை, அலகில் சொட்டும் தண்ணீரோடு. அதன் கண் அவ்வளவு தெளிவு. பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பெருமையோடு கன்னியம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வரிசையே கூடி நின்று பார்த்தது. அத்தனை பேர் நடுவிலும் நடந்திருக்கிறேன், ஒருத்தி முகத்தைக்கூட எடுக்கத் தோன்றவில்லை என்பது அந்த நிமிடம் வரை எனக்கு உறைக்கவேயில்லை.

கன்னியம்மா படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லாத்தான் இருக்குது. இது ரெண்டு மாசம் நின்னுட்டுப் போயிடும், அதுக்கு எம்மாம் பெரிய படம்! வருஷம் பூரா நிக்கிற எங்கள ஒண்ணு புடிக்கக் கூடாதா?"

ஆகவே லென்ஸ் யோசனை கேட்டு ஸ்டுடியோவுக்கு வருகிற எல்லாருக்கும் நான் சொல்வது, முந்நூறே போதும், ஆனால் முதல் படத்தை உப்பளத்துப் பெண்களுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டுப் பறவையிடம் போங்கள், இல்லையென்றால் என்னைப் போல் பதினோரு பேர் முன்னால் பறவைப் படத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.