பெட்டி காலி

சிங்கப்பூரில் சரக்கு ரயில் ஓடுவதில்லை. ஆனாலும் நான் பார்ப்பது சரக்கு ரயில் வேலைதான். ஃபேரர் பார்க் பக்கம் ஒரு மாடி அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, இந்தியாவில் ரயிலேறித் துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர்களைத் தொலைபேசியில் துரத்துவேன். பதினோரு வருட அனுபவம் என்று பீற்றிக்கொள்வதும் உண்டு. நான் ஏறிய ரயில் இந்த ஊர் மெட்ரோவான எம்.ஆர்.டி. மட்டும்தான்.

அன்று இங்கே தேக்கா வட்டாரத்துத் துணிக்கடைக்காரர் ஒருவருக்கு ஒரு கண்டெய்னர் வரவேண்டியிருந்தது. அது ரயிலேறிவிட்டதா என்று கேட்க, கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சரக்கு ரயில் யார்டில் இருக்கும் கிளார்க்கைக் கூப்பிட்டேன். நான்கு வருடமாகப் பேசுகிறோம், முகம் பார்த்ததில்லை. போனை எடுத்ததும் வழக்கம்போல, "சாப்ட்டீங்களா மேடம்?" என்றார்.

"ஆச்சு. எங்க பெட்டி என்னாச்சு?"

"பெட்டி காலியாத்தானுங்க நிக்குது."

பின்னால் எஞ்சின் சத்தம். லைன் அறுந்துவிட்டது.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். சீல் வைத்த கண்டெய்னர் காலி என்றால் திருட்டுதானே? அதையும் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்! திரும்பக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. சரக்கைக் காணோம், உங்கள் கிளார்க்கே ஒப்புக்கொள்கிறார் என்று அவருடைய மேலதிகாரிக்கு மெயில் தட்டினேன். என் மேனேஜருக்கும் கடைக்காரருக்கும் நகல் போனது.

மத்தியானம் பதிலும் ஒரு படமும் வந்தன. தரையில் எங்கள் கண்டெய்னர், சீல் அப்படியே இருந்தது. பக்கத்தில், அதை ஏற்ற வந்த வேகன் காலியாக நின்றது. விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று கிளார்க்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

அவர் காலி என்றது அந்த வேகனைத்தான். அவருக்கு ரயிலில் ஓடுவதெல்லாம் பெட்டி. இங்கே எம்.ஆர்.டி.யில் அதைக் கேபின் என்போம். எனக்குப் பெட்டி என்றால் கண்டெய்னர் மட்டும்தான். வெட்கத்தில் காது சுட்டது.

மேனேஜர் படத்தைப் பார்த்துவிட்டு, "சாமான் ஓகேதானே? விடு லா. தப்பு உன்னோடதுன்னு நீயே எழுதி மாட்டிக்காத, அடுத்த மாசம் உன் அப்ரைசல்" என்றார். ஒரு காப்பி குடிக்கும் நேரம் நானும் விட்டுவிடத்தான் பார்த்தேன். ஆனால் வேலைநாளில் நடுப்பகலில் வீட்டுக்குள் நுழையும் மனிதர், ஏன் வந்தீர்கள் என்று கேட்பவர்களிடம் என்ன சொல்வார்? காப்பியைப் பாதியில் வைத்தேன். தவறு என்னுடையது, அவர் சொன்னது சரி என்று முதல் மெயில் போன எல்லோருக்கும் எழுதினேன். பெட்டி என்ற ஒரு சொல்லை ஆங்கிலத்தில் விளக்க ஆறு வரி பிடித்தது.

அவரைத் திரும்ப வேலைக்கு அழைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் கூப்பிட்டபோது அவரே எடுத்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்லீங்க மேடம்" என்றார். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. "வேகன் இப்பக் காலியில்லீங்க. கண்டெய்னர ஏத்தியாச்சுங்க. நான் சொன்னத ஒருக்கா திருப்பிச் சொல்லுங்க."

சொன்னேன். இன்றைக்கும் ஒவ்வொரு முறையும் நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் போனை வைக்கிறார்.