தட்சிணாமூர்த்திக்குப் பெண் பார்த்த கதை

உலகத்தில் மீன் வளர்க்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சமுத்திரராசன். இன்னொருவர் கடலூர் முதுநகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எங்கள் உத்திராபதி மாமா. சமுத்திரராசனுக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் மாமாவிடம்தான் கேட்பார் என்று நான் ஊருக்குள் சொல்லி வைத்திருக்கிறேன். மாமா இதுவரை மறுக்கவில்லை.

கடையில் ஜெராக்ஸ் மெஷினைவிடப் பெரியது மீன் தொட்டி. கப்பி, மாலி, டெட்ரா எல்லாம் சண்டையில்லாமல் ஒன்றாகக் குடியிருக்கும். அடியில் மணலைக் கிளறிக்கொண்டு, குட்டி மீசை வைத்த கோரி மீன்கள் ஆறு இருந்தன. போன ஐப்பசியில் மாமா ஒரு ஏஞ்சல் மீனை வாங்கி வந்த அன்றே ஆசையில் தொட்டிக்குள் விட்டுவிட்டார். அது வெள்ளைப்புள்ளிச் சீக்கோடு வந்திருந்தது. எட்டே நாளில் ஏஞ்சலும் போய், கோரியில் ஐந்தும் போய்விட்டன.

மிஞ்சிய ஒன்று கும்பலாகவே வாழ்ந்து பழகிய சாதி. தனியானதும் தெற்குப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி மூலையில் உட்கார்ந்துவிட்டது. அசைவில்லை, பேச்சில்லை. அதனால் தட்சிணாமூர்த்தி என்று பெயர் வைத்தேன். மூன்று நாளாகத் தீனியைத் தொடவில்லை என்றதும் மாமா காலண்டரை எடுத்து ராகு காலம் பார்த்தார். சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் லாட்ஜ் ஒன்றில் இருக்கும் எழிலரசி என்ற மாணவி, படிப்பு முடிந்து அறையைக் காலி செய்வதால் ஐந்து கோரிகளைச் சும்மாவே தருவதாக மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள்.

மாமா வெள்ளை வேட்டி கட்டினார். தட்டில் வைக்கிற மாதிரி ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டார். பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் மனஸ்தாபம் ஆகிவிட்டதால், துணைக்குப் போக எனக்கு எல்லா நாளும் தோதுதான்.

லாட்ஜ் வாசலில் எழிலரசி தொட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"நல்லா சாப்புடுதாம்மா?"

"சாப்பிடும் அங்கிள்."

"எங்க, எம் முன்னாடி போடு பாப்போம்."

அவள் இரண்டு தீனி உருண்டை போட்டாள். ஐந்தும் முட்டி மோதிக்கொண்டு வந்தன. மாமா குனிந்து துடுப்பு விரிந்திருக்கிறதா, உடம்பில் புள்ளி இருக்கிறதா, மீசை முழுசாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இங்க என்ன தண்ணி?"

"போர் தண்ணி அங்கிள்."

"எங்க பக்கம் உப்பு ஜாஸ்தி. பழகுற வரைக்கும் கஷ்டந்தான்."

"ஜாதகம் இருக்கா?" என்று நான் கேட்டேன்.

"இவன கண்டுக்காதம்மா" என்றார் மாமா. "இவன் ஸ்கூலே இவன கண்டுக்கல."

திரும்பி வரும் ரயிலில், வெளிச்சம் பட்டால் மீன்கள் மிரளும் என்று மாமா கவரைத் துண்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டார். எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அக்கா துண்டை விலக்கிப் பார்த்தார்.

"ஏண்ணே, இத வச்சு கொழம்பா வைக்கப் போறீங்க? கரண்டிக்கே பத்தாது."

"கொழம்புக்கு இல்லக்கா. பொண்ணழச்சிக்கிட்டுப் போறோம்" என்றேன்.

"மாப்ள எங்க?"

"வீட்ல. மூணு நாளா சாப்புடல."

"இப்பவேவா" என்றார் அந்த அக்கா.

கடைக்கு வந்ததும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு தனி டப்பில், தொட்டித் தண்ணீரை நிரப்பி, கவரைக் கட்டவிழ்க்காமல் இருபது நிமிடம் மிதக்கவிட்டார். பிறகு கவர்த் தண்ணீரோடு மீன்களை வாளிக்கு மாற்றி, டியூப்பில் முடிச்சுப் போட்டு, டப்புத் தண்ணீரை அதில் சொட்டுச் சொட்டாக இறக்கினார். ஆதார் காப்பி எடுக்க வந்தவர் ஒன்றரை மணி நேரம் நின்றார். "சொட்ட எண்ணிக்கிட்டிருக்கேன், பேச்சு குடுக்காதீங்க" என்று மாமா சொன்னதும் அவரும் சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டார். கடைசியில் வலையால் அள்ளி, ஐந்தையும் டப்பில் விட்டார்.

"இனிமே மூணு வாரம் இங்கதான். சீக்கு எதுவும் இல்லன்னு தெரிஞ்சாதான் பெரிய தொட்டி."

"கல்யாணம் பண்ணிட்டு மூணு வாரம் பிரிச்சி வைக்கிறதா?"

"ஆடி மாசம் பிரிச்சி வைக்கிறதில்லயா?"

"அதுக்குள்ள அவன் பட்டினியில செத்துடுவான் மாமா."

"சாவலாம். போன தடவ அவசரப்பட்டுத்தான் அஞ்ச கொன்னேன்."

சொல்லிவிட்டு மெஷின் பக்கம் திரும்பி வெற்றுத்தாளை நான்கு காப்பி எடுத்தார். ஆதார்க்காரர் தன்னுடையது என்று நினைத்து வாங்கிக்கொண்டு போனார்.

கடைச் சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். மறுநாள் காலை ஆறு மணிக்கு, அக்கா இலக்கியாவின் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியின் தெற்குப் பக்கம் வெளியே சாய்த்து வைத்தேன். தட்சிணாமூர்த்தியைக் கிண்டல் செய்வதற்காகத்தான். வேறு எண்ணம் எதுவும் இல்லை. அவன் எதிரே வந்த இன்னொரு மீசைக்காரனைப் பார்த்து ஒரு அடி முன்னே வந்தான். மாமா வருவதற்குள் கண்ணாடியை எடுத்துப் பேப்பர் கட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். தினமும் இதே கிண்டலைச் செய்தேன். ஐந்தாம் நாள், கண்ணாடிக்குள் இருந்தவனோடு போட்டி போட்டுக்கொண்டு அரை உருண்டை தின்றான். கிண்டலை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

"பொண்ணுங்க வாசம் புடிச்சிருக்கு அவனுக்கு" என்று மாமா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நான் தலையாட்டினேன்.

இருபத்தோராம் நாள் ஐந்தும் பெரிய தொட்டிக்குப் போயின. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தட்சிணாமூர்த்தி தெற்கு மூலையை விட்டுத் திரும்பி, வால் தரையைத் தட்டத் தட்ட ஓடி, கும்பலின் நடுவில் போய் நுழைந்துகொண்டான். அப்புறம் எது அவன் என்று எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை.

"ஜோடிப் பொருத்தம் அருமை மாமா" என்றேன்.

மாமா துணியை எடுத்துத் தெற்குப் பக்கக் கண்ணாடியை வெளியே துடைக்கப் போனார். மீன் உட்காரும் உயரத்தில், ஒரு ஓரமாக, மெரூன் கலர் ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அக்கா குளிக்கப் போகும்போது கழற்றித் தன் கண்ணாடியில் ஒட்டி வைப்பாளே, அது.

மாமா அதை நகத்தால் மெதுவாகப் பெயர்த்தார். கிட்டே வந்து என் நெற்றியில் ஒட்டினார்.

"கண்ணாடிய கொண்டுபோய் குடுத்துடு. இலக்கியா மூணு வாரமா தேடிக்கிட்டிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கம்மான்னு நாந்தான் சொல்லி வச்சிருக்கேன்."