நான் எடுத்த சிவப்புப் பூ

பத்து வயதில் நான் மாரியாத்தாளை ஏமாற்றினேன். தெரியாமல் நடந்ததல்ல, நன்றாக யோசித்துச் செய்ததுதான்.

அப்பாவின் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, சூலூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் வீட்டில் சொந்தமாக லேத் பட்டறை இருந்தது. ஜாதகம் பொருந்தியது. நாங்களும் போய் வீடு பார்த்துவிட்டு வந்தோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டாவது சந்து, நீல கேட், ஆளுக்கு இரண்டு லட்டு. அத்தையிடம் அப்பா விஷயத்தைச் சொன்னபோது அவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பெயர்.

பாக்கி இருந்தது பூ கேட்பதுதான். எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்தை முடிவு செய்யுமுன் அம்மன் கோயிலில் பூ வைத்துக் கேட்பது வழக்கம். பூசாரி வெள்ளை அரளியை ஓர் இலையிலும் சிவப்பு அரளியை இன்னோர் இலையிலும் பொட்டலமாகக் கட்டி, தட்டில் குலுக்கி, அம்மன் காலடியில் வைப்பார். விவரம் தெரியாத குழந்தை ஒன்று அதில் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு கிடைத்துவிட்டது. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டியதுதான்.

விவரம் தெரியாத குழந்தையாக என்னை நிறுத்தியது அவர்கள் தவறு.

அத்தை போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அம்மா காலையிலேயே அப்பாவோடு தறிக்கொட்டகைக்குப் போய்விடுவாள். எனக்குத் தலை பின்னுவதும், கணக்குச் சொல்லித் தருவதும், பேக்கரியில் தேங்காய் பன் வாங்கித் தருவதும் அத்தைதான். ஆகவே பெரியவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் பூசாரியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பைக் கட்டிய இலையின் ஓரம் கிழிந்திருந்தது. தட்டை எத்தனை குலுக்கினால் என்ன, கிழிசல் எங்கே போய்விடும்? நேராக அதை எடுத்து நீட்டினேன்.

"உத்தரவு இல்லீங்க," என்றார் பூசாரி.

அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. அத்தை இன்னொரு தடவை தரையில் விழுந்து கும்பிட்டாள். துக்கம் தாங்காமல் என்று நினைத்தேன்.

அதன் பிறகு அத்தை எதைச் செய்தாலும் எனக்குத் துக்கமாகவே தெரிந்தது. விடியுமுன்னே எழுந்து புத்தகமும் கையுமாக உட்கார்ந்தாள். பாவம், தூக்கம் வரவில்லை. காந்திபுரத்தில் அரசு வேலைத் தேர்வுக்கு வகுப்பு நடத்துகிறார்கள், அடுத்த வரன் வரும்வரை போய்வரட்டுமா என்று அப்பாவைக் கேட்டாள். அவரும் ஏதோ பொழுது போகட்டும் என்று விட்டுவிட்டார். தினமும் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். வீட்டில் இருக்கப் பிடிக்காமல்தானே ஓடுகிறாள்? ஒரு நாள் மாதிரித் தேர்வில் வகுப்பிலேயே அவள்தான் முதல் என்று வந்து, சோறு வடித்தபடி பாட்டுப் பாடினாள். வெளிக்கு எப்படிச் சிரித்துக் காட்டுகிறாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் அப்பா காலையில் டிவியில் ஒரு சாமியாரின் பேச்சைக் கேட்பார். கர்மா என்பதிலிருந்து யாரும் ஒளிய முடியாது, எந்த ஊருக்குப் போனாலும் தேடிக்கொண்டு வரும் என்று அவர் அடிக்கடி சொல்வார். என் மனசில் கர்மா ஒரு கூரியர்காரன் மாதிரி பதிந்துவிட்டது. எங்கள் தெருவில் பைக் சத்தம் கேட்டாலே கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன்.

ஒரு நாள் வந்தேவிட்டது. ஓடிக்கொண்டிருந்த தறியிலிருந்து, ஊடு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாக் கட்டை தெறித்து அப்பாவின் இடது புருவத்தில் அடித்தது. ஐந்து தையல். அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார் டாக்டர். "ஆரு செஞ்ச பாவமோ, இந்த மனுசன் தலைல வந்து உளுந்திருக்குது," என்று அம்மா அழுதாள். ஆரு என்று எனக்குத் தெரியும். விலாசம் மாறிப் போய்விட்டது, அவ்வளவுதான். அடுத்தது யாருக்கோ என்று பயந்துபோனேன்.

முதலில் சுலபமான வழிகளைப் பார்த்தேன். தேங்காய் பன்னை விட்டேன். கோயிலை இருபத்தொரு சுற்றுச் சுற்றினேன். ஆனால் சுற்றச் சுற்ற ஒன்று தெளிவாயிற்று. நான் கெடுத்தது கல்யாணத்தை. கல்யாணம் நடந்தால்தான் பாவம் தீரும். அப்பாவிடம் சொன்னால் நாலு சாத்து சாத்திவிட்டு அதோடு விட்டுவிடுவார், கல்யாணம் நடக்காது. சொல்ல வேண்டிய இடம் சூலூர். முடிவு செய்த பிறகு எனக்குப் பயமே இல்லை.

சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறினேன். "ஆரு கூட வந்த பாப்பா?" என்று கண்டக்டர் கேட்டார். அம்மா முன்னால் இருக்கிறாள் என்றேன். பாவத்தைக் கழிக்கப் போகிற வழியில் இன்னொரு பொய்.

நீல கேட்டைத் திறந்தபோது மாப்பிள்ளையின் அம்மா முற்றத்தில் வடகம் பிழிந்துகொண்டிருந்தார்.

"ஆரு கண்ணு நீ? ஏஞ்சாமி, இந்த வெயில்ல தனியாவா வந்தே?"

"எங்கத்தைக்கு ஆத்தா உத்தரவு தராம இல்லீங்க. நாந்தானுங்க பாத்துப் பாத்துச் செவப்ப எடுத்துப்போட்டேன். அத்தை பாவமுங்க. நீங்க கட்டிக்கோணுமுங்க."

அந்த அம்மா மாவுக் கையோடு என்னையே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, உள்ளே திரும்பி, "டேய், ஆத்தா வேண்டாங்கலியாமா!" என்று மகனைக் கூப்பிட்டார். அரை மணி நேரத்தில் நான் அவர்கள் காரில், ஒரு தட்டு ஆப்பிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா கட்டுப் போட்ட புருவத்தோடு கையை ஓங்கினார். வந்தவர்கள் முன்னால் அடிக்க முடியவில்லை. பேச்சு மறுபடி கூடி வந்துகொண்டிருந்தபோது அத்தை வகுப்பிலிருந்து வந்தாள். கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்து வாசலிலேயே நின்றாள். தோளில் பை அப்படியே இருந்தது. பிறகு வாங்க என்று கும்பிட்டுவிட்டுக் காபி போட உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அத்தை, நாந்தானுங்க போய்ச் சொன்னேன்."

"ஆராச்சும் சொல்லி உட்டாங்களா கண்ணு?"

"இல்லீங்க, நானேதானுங்க."

அத்தை பொங்கி வந்த பாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "செரி. அந்த டம்ளரெல்லாம் எடு," என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி பூ வைத்தார்கள். இந்தத் தடவை பெரியப்பாவின் சின்னப் பையன், அதுவும் துண்டால் கண்ணைக் கட்டி. வெள்ளை வந்தது. வைகாசியில் முகூர்த்தம் வைத்தார்கள். அத்தையின் தேர்வும் அதே வாரத்தில்தான் இருந்தது. ஹால் டிக்கெட் வந்த அன்று அதை இரண்டு தடவை படித்துவிட்டு பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். தேர்வை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அவளும் எழுதப் போகவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் எனக்குத் தலை பின்னிவிட்டாள்.

"இப்ப நிம்மதியா இருக்குதா கண்ணு?"

"இருக்குதுங்க அத்தை."

"அது போதும்," என்றாள். ஜடையைக் கொஞ்சம் இறுக்கியே பின்னினாள்.

அத்தை இப்போதும் சூலூரில்தான் இருக்கிறாள். இரண்டு பையன்கள், மாமா நல்ல மனிதர். அவள் வாழ்க்கை பாழாய்ப் போயிற்று என்று நான் சொல்லமாட்டேன், சொன்னால் அவளே திட்டுவாள். ஆனால் கர்மாவைப் பற்றி யாராவது சுலபமாகப் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. என் திருட்டுத்தனம் அவளுக்கு நாலு மாதம் கொடுத்தது. என் நேர்மை அதைப் பிடுங்கிக்கொண்டது. இதில் எது என்னைத் தேடி வர வேண்டும்?

அன்றைக்கு எனக்கு இந்தக் கேள்வியெல்லாம் இல்லை. பாவம் தீர்ந்தது என்று பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு மண்டபம் முழுக்க ஓடினேன். ஜாதகத்தைக் கேட்டோம், மாப்பிள்ளை வீட்டைக் கேட்டோம், மாரியாத்தாளை இரண்டு தடவை கேட்டோம். அத்தையை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.